149 ரூபா கப்ளரும் 212 பேருக்கு போன மாம்பழ மெயிலும்

எங்க வீட்டு மிக்ஸிக்கு பதினாலு வயசாகுது. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுல சீரா குடுத்தது. மோட்டார் இன்னிக்கும் குதிரை மாதிரி ஓடுது, ஆனா ஜாருக்கு அடியில மாட்டற அந்த கப்ளர் மட்டும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பல்லு தேஞ்சு வழுக்க ஆரம்பிச்சிடும். அப்படித்தான் 2023 தீபாவளிக்கு நாலு நாள் இருக்கறப்ப, அதிரசத்துக்கு அரிசி ஊற வெச்சிட்டு மிக்ஸிய போட்டா கீழ மோட்டார் மட்டும் சுத்துது, மேல ஜார் தேமேன்னு உக்காந்திருக்கு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ரெண்டு கடை, பெங்களூரு ரோட்டுல ஒரு கடை, எல்லா இடத்துலயும் ஒரே பதில், "பழைய மாடல் சார், இப்ப வர்றதில்ல, ஜாரோட புதுசா வாங்கிடுங்க." இத்துனூண்டு ரப்பருக்காக ஆயிரத்தி சொச்சம் குடுத்து ஜார் வாங்கணுமான்னு வீம்பு வந்து, போன்ல தேடித்தேடி, சமையல் சாமான் விக்கற ஏதோ ஒரு சைட்டுல கண்டுபிடிச்சேன். 149 ரூபா. அக்கவுண்ட் போடாம வாங்க முடியாதாம், அக்கவுண்ட் போட ஈமெயில் வேணுமாம். குடுத்தேன். கப்ளர் தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் வந்துச்சு. மெயில் ஆர்டர் போட்ட அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சு.

மொதல்ல ஒண்ணும் தப்பா தெரியல. ஆர்டர் போட்டாச்சு, பார்சல் கெளம்பிடுச்சு, வந்து சேந்துடுச்சு, இதெல்லாம் சரி. அப்புறம் "எப்படி இருக்கு, ஸ்டார் குடுங்க"ன்னு ஒண்ணு. அதுவும் சரி. அதுக்கப்புறம் நான்ஸ்டிக் தவா, ஏர் ஃப்ரையர், மாடுலர் கிச்சன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, கப்ளர் வாங்கின ஆளுக்கு மாடுலர் கிச்சன் எதுக்குன்னு யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாங்களா. "கடைசி வாய்ப்பு"ன்னு மட்டும் எண்ணிப் பாத்தா பதினாலு மெயில். பதினாலு தடவ கடைசியா வர்ற வாய்ப்ப நான் எங்க பஸ் ஸ்டாண்டுல கூட பாத்ததில்ல, அங்க "ஓசூர் ஓசூர், கடைசி வண்டி"ன்னு கூவறவன் கூட மூணு தடவையோட நிறுத்திக்குவான். மூணு மாசம் கழிச்சு, நான் கேள்வியே பட்டிராத ஒரு மெத்தை கம்பெனி, ஒரு வைட்டமின் மாத்திரை கம்பெனி, ஒரு லோன் குடுக்கற ஆளு, எல்லாரும் என்னை பேர் சொல்லி கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்த சைட்டுல நான் அவசரத்துல இனிஷியல பேருக்கு முன்னாடி ஒட்டி அடிச்சிருந்தேன், இவங்க எல்லாரும் அதே தப்போடவே கூப்பிடறாங்க. எங்க இருந்து போச்சுன்னு வேற சாட்சி தேவையே இல்ல.

இத்தனைக்கும் இந்த ஜிமெயில் ஐடி என்கிட்ட ரொம்ப காலமா இருக்கு. தர்மபுரியில இருந்து பிரிஞ்சு எங்க கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் ஜிமெயில் பொறந்ததும் ஒரே வருஷம், 2004. மாவட்டம் பிப்ரவரி, ஜிமெயில் ஏப்ரல் ஒண்ணு. 1 ஜிபி இலவசமா தர்றாங்கன்னு அன்னிக்கு சொன்னப்ப நிறைய பேரு ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னே நெனச்சாங்களாம். இன்னிக்கு போட்டோவோட சேத்து 15 ஜிபி, அது ரொம்பிட்டா புது மெயில் உள்ள வராது. எனக்கு ரொம்பற நெலைமைக்கு வந்துடுச்சு, படிக்காத மெயில் பதினோராயிரத்தி சொச்சம். கிரானைட் கம்பெனியில கணக்கு எழுதறவன் நான், ஒரு ரூபா வித்தியாசம் வந்தா ராத்திரி தூக்கம் வராது, ஆனா அந்த பதினோராயிரத்த மட்டும் தலைக்கு மேல வெள்ளம்னு விட்டுட்டேன்.

விட்டதுக்கு பலன் 2025 ஜூன்ல வந்துச்சு. சந்தூர் பக்கத்துல என் சித்தப்பா பையனுக்கு மூணு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. முக்காவாசி பெங்களூரா மரம், அது மொத்தமா கூழ் பேக்டரிக்கு போயிடும், வெல அவங்க சொல்றதுதான். மிச்சம் செந்தூரா, அல்போன்சா, ஓரமா கொஞ்சம் இமாம் பசந்த். இந்த மிச்சத்தத்தான் நாங்க ரெண்டு பேரும் கல்லு போடாம வைக்கோல்ல பழுக்க வெச்சு, அஞ்சு கிலோ பெட்டியா பார்சல்ல அனுப்பறோம். தோப்பு தம்பி பொறுப்பு, ஆர்டர், கணக்கு, மெயில் என் பொறுப்பு. கோயமுத்தூர்ல ஒருத்தர் இமாம் பசந்த் ரெண்டு பெட்டி சொல்லி பணமும் போட்டுட்டு, மறுநாள் "நாங்க ஊருக்கு போறோம், ஒரு வாரம் கழிச்சு அனுப்புங்க"ன்னு மெயில் போட்டிருக்கார். ஜிமெயில் அத எதுக்கோ விளம்பர மெயில ஒதுக்கற ப்ரமோஷன்ஸ் பக்கம் தள்ளிவிட, மேல ஒரு மெத்தை, கீழ ஒரு ஏர் ஃப்ரையர், நடுவுல அவரு. நான் பாக்கல. பத்து கிலோ பழம் வாட்ச்மேன் ரூம்ல ஆறு நாள் கெடந்து, அவர் வந்து தொறந்து போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த போட்டோவ பத்தி சொல்ல வேணாம். பணத்த திருப்பி குடுத்தோம். தம்பி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், "ஏண்ணா, மரம் ஏறச் சொன்னனா, மெயிலத்தான பாக்கச் சொன்னேன்?"

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி

அக்கா பொண்ணு பெங்களூருல சாஃப்ட்வேர் கம்பெனி, ஓசூர்ல இருந்து போய்ட்டு வருது. அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்துச்சு. களியும் கீரைக் கொழம்பும் சாப்ட்டுட்டு லேப்டாப்ப என் பக்கம் திருப்பி வெச்சிட்டு, "மாமா, இது இன்பாக்ஸா இல்ல குப்பைமேடா?"ன்னு கேட்டுச்சு. அப்புறம் அதுவே வகுப்பெடுக்க ஆரம்பிச்சிடுச்சு. "நீங்க நெஜமா வாங்கின கடையா இருந்தா, இனி மெயில் வேணாம்னு அன்சப்ஸ்க்ரைப் குடுங்க மாமா. யாருன்னே தெரியாத ஆளா இருந்தா அதுல எதையும் அமுக்காதீங்க, ஸ்பேம்னு, அதாவது குப்பை மெயில்னு, மட்டும் அடிச்சு விடுங்க. அங்க போய் அன்சப்ஸ்க்ரைப் அமுக்கினா, இந்த ஐடியில ஒரு ஆளு உசுரோட இருக்கான்னு நீங்களே கையெழுத்து போட்டு குடுத்த மாதிரி." சும்மா தொறந்து பாத்தா கூட தெரியுமாம். கண்ணுக்கு தெரியாத ஒரு புள்ளி சைஸ் படம் மெயிலுக்குள்ள இருக்குமாம், மெயில தொறக்கறப்ப அந்த படம் அவங்க சர்வர்ல இருந்து எறங்கும், உடனே இவன் தொறந்துட்டான்னு அங்க குறிச்சுக்குவாங்க. 2013 கடைசியில இருந்து ஜிமெயில் படத்த தன் சர்வர் வழியா கொண்டு வர்றதால நாம எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியாது, ஆனா தொறந்தது தெரிஞ்சிடும். செட்டிங்ஸ்ல போய், கேக்காம படத்த காட்டாதேன்னு மாத்தி வெச்சோம்.

பெரிய கம்பெனிங்க மெயில் எல்லாம் சட்டு சட்டுன்னு போயிடுச்சு. 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்பறவங்க, விளம்பர மெயில்னா ஒரே அமுக்குல நிறுத்தற வசதி வெக்கணும், ரெண்டு நாளைக்குள்ள நிறுத்தவும் செய்யணும்னு கூகுளும் யாஹூவும் ரூல் போட்டுட்டாங்க, அதனால அனுப்பறவர் பேருக்கு பக்கத்துலயே பட்டன் வந்துடுது. மல்லுக்கட்டு எங்க வந்துச்சுன்னா நம்ம கப்ளர் கடையில. அவங்க மெயில்ல பட்டன் கெடையாது. மெயிலுக்கு கடைசி அடியில, சாம்பல் கலர்ல, எறும்பு சைஸ்ல ஒரு லிங்க். அமுக்கினா லாகின் பண்ணுங்கன்னான். பாஸ்வேர்ட் யாருக்கு ஞாபகம்? ஓடிபி. உள்ள போனா ஒரு பொம்மை அழுதுட்டு நிக்குது. கீழ ரெண்டு பட்டன், ஒண்ணு "எனக்கு தள்ளுபடி வேணும்", இன்னொண்ணு "வேணாம், நான் முழு வெல குடுத்தே வாங்கிக்கறேன்". இப்படி மனுசன கூச்சப்பட வெச்சு காரியம் சாதிக்கறதுக்கு மத்திய அரசே பேர் வெச்சிருக்கு, 2023 நவம்பர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்னு 13 தில்லுமுல்ல பட்டியல் போட்டப்ப இதுவும் அதுல இருக்கு. பட்டியல் அது பாட்டுக்கு இருக்கு, பொம்மை இது பாட்டுக்கு அழுதுட்டு இருக்கு. அந்த பக்கத்த தாண்டினா ஏழு டப்பா, ஏழுலயும் டிக். எல்லாத்தையும் எடுத்து சேவ் பண்ணினா "பத்து வேலை நாள் ஆகும்"னு வருது. இந்த பத்து எங்க இருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல 2003ல போட்ட ஸ்பேம் சட்டத்துல குடுத்த கெடுவாம், மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாரும் அதையே காப்பி அடிச்சுக்கறாங்க. கிருஷ்ணகிரிக்காரன் ஒரு கப்ளர் வாங்கினதுக்கு அமெரிக்கா கணக்குல பத்து நாள் காத்திருக்கணும்.

நம்ம ஊர்ல சட்டம் இல்லையான்னு கோர்ட்டுக்கு எதிர்ல டீ குடிக்கறப்ப வக்கீல் நண்பர்கிட்ட கேட்டேன். போன் காலுக்கும் எஸ்எம்எஸ்க்கும் தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் போட்ட ரூல் இருக்கு, 1909க்கு சொன்னா தடுக்கலாம், மெயிலுக்குன்னு அப்படி ஒண்ணு இல்லன்னார். சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணும் சொன்னார். தகவல் தொழில்நுட்ப சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சே, பேஸ்புக்ல எழுதினவங்கள எல்லாம் புடிச்சு உள்ள போட்டாங்களே, அதுல எரிச்சல் மூட்டறதுக்காக மெயில் அனுப்பறதும் ஒரு குத்தமா இருந்துச்சாம். 2015 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் அந்த பிரிவையே தூக்கிடுச்சு, தூக்கினது நியாயம்தான், பேச்சுரிமைய அது நசுக்குச்சு. ஆனா அது இருந்த காலத்துல கூட அரசியல்வாதிய கிண்டல் பண்ணினவன்தான் மாட்டினான், மெத்தை விக்கறவன் யாரும் மாட்டினதா எனக்கு ஞாபகம் இல்ல. இப்ப தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம்னு 2023ல ஒண்ணு வந்திருக்கு, சம்மதம் குடுக்கறது எவ்வளவு சுலபமோ வாபஸ் வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு அதுல எழுதியே இருக்கு. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான பகுதி அமலுக்கு வர அதுல இருந்து ஒன்றரை வருஷம் டைம். அதுவரைக்கும் பொம்மை அழும்.

"இன்றும் வந்தது"

இதுவரைக்கும் படிச்சவங்க நான் ஏதோ பாதிக்கப்பட்ட ஆளுன்னு நெனச்சிருப்பீங்க. அந்த ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்.

அக்கா பொண்ணு ஒரு குறுக்கு வழி சொல்லுச்சு, மேல சர்ச்ல அன்சப்ஸ்க்ரைப்ங்கற வார்த்தைய போட்டா அந்த வார்த்தை இருக்கற மெயில் மொத்தமும் வந்துடும், வரிசையா தட்டி விடலாம்னு. தட்டிக்கிட்டே வந்தோம். மெத்தை, மாத்திரை, லோன், லோன், மாடுலர் கிச்சன். நடுவுல ஒண்ணு, படிக்காத மெயில், ஒரு வருஷம் பழசு, 2024 மே. தலைப்பப் பாத்தா, "கிருஷ்ணகிரி மாம்பழம், சீசன் ஆரம்பம்". என் தலைப்பு. நான் அனுப்பின மெயிலுக்கு வந்த பதில்.

திருச்சியில ஒரு ரிட்டயர்டு டீச்சர், முந்தின வருஷம் செந்தூரா ஒரு பெட்டி வாங்கினவங்க. சுத்தமான தமிழ்ல எழுதியிருந்தாங்க. "ஐயா, வணக்கம். சென்ற ஆண்டு தங்களிடம் வாங்கிய பழம் மிக நன்றாக இருந்தது. ஆனால் இன்று வந்த கடிதத்தில் என் முகவரியோடு இருநூறு பேருடைய முகவரியும் இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் என்னை எதற்காக அறிமுகம் செய்தீர்கள்? இனி வேண்டாமென்றால் எங்கே அன்சப்ஸ்க்ரைப் செய்வது? தங்கள் கடிதத்தில் அந்த வசதியைக் காணவில்லை." அந்த ஒரு வார்த்தைய அவங்க கேட்டதாலதான் சர்ச்சுல மாட்டியிருக்கு.

நான் அனுப்பின மெயில் இருக்கற சென்ட் பக்கம் போய் பாத்தேன். இருந்துச்சு. ஆர்டர் நோட்டுல இருந்த மெயில் ஐடி 212ஐயும் உக்காந்து அடிச்சு, மொத்தத்தையும் 'டூ'ங்கற எடத்துலயே போட்டு அனுப்பியிருக்கேன். ஒரு நாளைக்கு 500 பேர் வரைக்கும் ஜிமெயில் சும்மாவே விடும், அதனால தடங்கலும் வரல. ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்கு தெரியாம அனுப்ப பிசிசின்னு ஒண்ணு இருக்கறது எனக்கு தெரியாது. சரி, தெரியாம பண்ணினதுன்னு அதோட விட முடியல, ஏன்னா அந்த டீச்சர் பேர்ல இன்னும் நாலு மெயில் இருந்துச்சு. என் லிஸ்ட்டுல இருந்த ஒரு ஆளு, சீட்டு கம்பெனி ஏஜெண்டோ என்னவோ, 'ரிப்ளை ஆல்' குடுத்து தன் விளம்பரத்த 212 பேருக்கும் அனுப்பியிருக்கார். அடுத்த வாரம் ஆன்லைன் ட்யூஷன் ஒருத்தர். அப்புறம் மனை வியாபாரம். டீச்சர் ஒவ்வொண்ணுக்கும் என்கிட்டதான் முறையிட்டிருக்காங்க, நான்தான வாசல தொறந்து விட்டவன். ரெண்டாவது மெயில் அஞ்சு வரி, மூணாவது ரெண்டு வரி. கடைசி மெயில் ரெண்டே வார்த்தை. "இன்றும் வந்தது."

அக்கா பொண்ணு ஒண்ணும் சொல்லல. நானும் லேப்டாப்ப மூடிட்டு மொட்டை மாடிக்கு போயிட்டேன்.

மறுநாள் பார்சல் நோட்டுல நம்பர் தேடி போன் போட்டேன். எடுத்தாங்க. யாருன்னு சொல்லி, டீச்சர் மன்னிச்சுக்கங்க, ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் பாத்தேன்னேன். கோவப்பட்டிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். "பரவால்லப்பா, எம் பையன் வேற ஐடி போட்டு குடுத்துட்டான். பழசுல பேங்க்கு, பென்ஷன் எல்லாம் வரும், அதத்தான் ஒவ்வொரு எடமா போய் மாத்த வேண்டியதா போச்சு. எனக்கு முட்டி வலி வேற." சத்தம் போடாம சொல்றாங்க. இந்த சீசனுக்கு ஒரு பெட்டி நானே அனுப்பறேன் டீச்சர், பணம் வேணாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "பழம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா வேண்டாம்பா"ன்னாங்க. இதுதான் அன்சப்ஸ்க்ரைப்னு எனக்கு அப்ப பட்டுச்சு, அழற பொம்மை இல்ல, டப்பா இல்ல, பத்து நாள் இல்ல.

அக்கா பொண்ணு ஆறுதலுக்கு ஒரு கதை சொல்லுச்சு. உலகத்துல மொதல் ஸ்பேம் மெயில்னு சொல்றாங்களே, அது 1978 மே மாசம் போனதாம். அமெரிக்காவுல டிஇசிங்கற கம்ப்யூட்டர் கம்பெனியில கேரி தர்க்னு ஒரு மார்க்கெட்டிங் ஆளு, புது மெஷின காட்டறோம் வாங்கன்னு சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலா தட்டி விட்டார். அதுலயும் முகவரி எல்லாம் வெளியில தெரியற மாதிரியேதான் போச்சாம், எடம் பத்தாம மெயிலுக்குள்ளயே வழிஞ்சிருக்கு. திட்டும் வாங்கினார். ஆனா அந்த மெயிலால கோடிக்கணக்குல வியாபாரம் ஆச்சுன்னு பின்னாடி அவரே சொல்லிக்கிட்டார். "பாத்தீங்களா மாமா, நீங்க பண்ணினது வரலாறு"ன்னு சிரிச்சுது. எனக்கு சிரிப்பு வரல. எனக்கு அந்த 2024 மெயிலால வந்தது ஒம்போது பெட்டி ஆர்டர்.

தம்பிக்கு இதுல எதுவும் ஏறல. அவன் வாதம் சுலபமா தள்ளற வாதமும் இல்ல. "ஏண்ணா, ஹைவேஸ்ல போய் பாரு, சீசன்ல சாலை ஓரம் பூரா கடை போட்டு, போற காரை எல்லாம் கை நீட்டி கூப்பிடறாங்க. அது தப்பா? கூவாம எவன் வாங்குவான்?" நியாயம்தான். கூழ் பேக்டரிக்காரன் வெல எறக்கிட்டா வேற வழி இல்லாம நிக்கறது அவன்தான், நான் இல்ல, எனக்கு மாசம் ஒண்ணாந்தேதி கம்பெனியில சம்பளம் வந்துடும். ஆனா ரோட்டோரத்துல கூப்பிடற அந்தம்மா, நீங்க வண்டிய நிறுத்தலைன்னா அடுத்த காரைப் பாத்துக்கும். நிறுத்தி ஒரு கிலோ வாங்கினீங்கன்னா, ரெண்டு பழம் கூட போட்டு குடுத்துட்டு, அதோட உங்கள மறந்துடும். உங்க கூடவே ஏறி சென்னை வரைக்கும் வந்து, வீட்டுக்குள்ள பூந்து, சமையக்கட்டுல நின்னு "அண்ணா, மாம்பழம்"னு தெனமும் காலையில கூப்பிடாது. அவன் கேட்டான், "அப்ப வாங்கினவங்க வேணாம்னு சொல்லாத வரைக்கும் சொல்லலாம்தான, மௌனம் சம்மதம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க." அந்த சைட்டுல ஏழு டப்பாவுலயும் முன்கூட்டியே டிக் போட்டு வெச்சவனும் இதே பழமொழியத்தான் படிச்சிருப்பான். பொண்ணு பாக்க போன எடத்துல பொண்ணு பேசலைன்னா பெருசுங்க சொல்லிக்கிட்டது அது, அங்கயே அது எவ்வளவு தூரம் உண்மையா இருந்துச்சுன்னு நம்ம பாட்டிங்களத்தான் கேக்கணும்.

இந்த வருஷம் சீசனுக்கு முன்னாடி, அந்த 212 பேர்ல டீச்சரை விட்டுட்டு மீதி 211 பேருக்கும் ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா மெயில் போட்டேன். மூணு சாயங்காலம் ஆச்சு. மொதல்ல நடந்ததுக்கு மன்னிப்பு, அப்புறம் "மாம்பழ சேதி வேணும்னா வேணும்னு மட்டும் பதில் போடுங்க, பதில் வரலைன்னா இதுதான் கடைசி மெயில்". நெஜமாவே கடைசி. 74 பேர் வேணும்னாங்க, 9 பேர் வேணாம்னாங்க, ஒருத்தர் மட்டும் "அப்பவே சொல்லியிருக்கணும்"னு எழுதியிருந்தார், மிச்சம் பேர் பேசல. பேசாதவங்க பேரை எல்லாம் நோட்டுல செவப்பு மையில அடிச்சேன். பெட்டி கணக்கு போன வருஷத்த விட கொறஞ்சிடுச்சு, அத மறைக்க மாட்டேன், தம்பி மூஞ்சிய தூக்கி வெச்சிட்டுதான் இருக்கான். புதுசா யாராவது ஆர்டர் பண்ணினா அடுத்த வருஷம் சொல்லட்டுங்களான்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கறேன். நான் எங்கயாவது ஐடி குடுக்க வேண்டி வந்தா பேருக்கு பின்னாடி ஒரு ப்ளஸ் போட்டு அந்த கடை பேரையும் சேத்து குடுக்கறேன், ஜிமெயில்ல அப்படி குடுத்தாலும் நம்ம பெட்டிக்கே வந்துடும், வேற எவன் கைக்காவது போச்சுன்னா எந்த கடை வித்ததுன்னு ஐடியே காட்டிக் குடுத்துடும். சில சைட்டு ப்ளஸ்ஸ ஏத்துக்க மாட்டேங்குது. ஏன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

போன மாசம் கப்ளர் திரும்பவும் தேஞ்சு போச்சு. அந்த சைட்டுக்கு போற எண்ணமே இல்ல. காவேரிப்பட்டணத்துல பழைய மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பாக்கற ஒரு பெரியவர் இருக்கார்னு ஆபீஸ்ல டிரைவர் சொன்னார், ஜாரை மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு போனேன். திருப்பி திருப்பி பாத்துட்டு, ஒரு தகர டப்பாவ கொட்டி தேடிட்டு, "இருந்துச்சு சார், தீந்துடுச்சு. வியாழக்கெழம பெங்களூருல இருந்து சாமான் வரும். நம்பர் குடுத்துட்டு போங்க, வந்தா சொல்றேன்"னார். நம்பர்னதும் ஒரு நிமிஷம் யோசிச்சேன். அவரு ஜாருக்கு அடியில இருந்த பழைய கப்ளர் மேலயே பேனாவ வெச்சிட்டு காத்திட்டிருந்தார், எழுதறதுக்கு அவர்கிட்ட நோட்டு கூட இல்ல. குடுத்தேன்.

வியாழக்கெழம மத்தியானம் ஒரு மிஸ்டு கால் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு.